மெட்ரோவில் நீங்கள் மிதிக்கும் மஞ்சள் டைல்ஸ்: யார் இந்த செயிச்சி மியாகே?

மெட்ரோ ஸ்டேஷனில் இறங்கியதும் எஸ்கலேட்டரைப் பிடிக்கிற அவசரத்தில் தரையை யார் பார்க்கப்போகிறோம்? ஆனால் உங்கள் காலுக்குத் தெரிந்திருக்கும். பிளாட்ஃபாரத்தின் ஓரத்தில் குமிழ் குமிழாக ஒரு வரிசை. அங்கிருந்து லிஃப்ட் வரைக்கும், டிக்கெட் கவுன்ட்டர் வரைக்கும் நீள நீளமான கோடுகளோடு இன்னொரு வரிசை. பெரும்பாலும் மஞ்சள் நிறம். வழுக்காமல் இருக்கப் போட்டிருப்பார்கள் என்று நினைத்திருப்பீங்க. டிராலி பெட்டியை அதன்மேல் இழுத்துக் கையில் அதிர்வு வந்தபோது சலித்தும் இருப்பீங்க.

அது பார்வையற்றவர்களுக்கான பாதை. கண் தெரியாதவர் தன் பாதத்தாலும் கையில் உள்ள கோலின் நுனியாலும் படிக்கிற எழுத்து என்றும் சொல்லலாம். இதை உருவாக்கியவர் பெரிய எஞ்சினியரோ, அரசு அதிகாரியோ, டாக்டரோ இல்லை. ஜப்பானின் ஒகயாமா பகுதியைச் சேர்ந்த விடுதி உரிமையாளர். பெயர் செயிச்சி மியாகே. 2019 மார்ச் 18 அன்று கூகுள் தன் முகப்புப் பக்கத்தில் படம் போட்டு நினைவுகூர்ந்த பிறகுதான் ஜப்பானுக்கு வெளியே பலருக்கு இந்தப் பெயரே தெரிய வந்தது.

அவருடைய வாழ்க்கையை இப்போது ஏன் தெரிந்துகொள்ள வேண்டும்? ஒரு நல்ல பொருளைக் கண்டுபிடிப்பது எவ்வளவு சின்ன வேலை, அதை எல்லோரும் ஏற்றுக்கொண்ட விதியாக மாற்றுவது எவ்வளவு பெரிய வேலை என்பதை இந்த டைல்ஸின் கதை சொல்வதுபோல வேறு எதுவும் சொல்வதில்லை. அந்த இரண்டாவது வேலையில்தான் இந்தியா இன்று தடுமாறிக்கொண்டிருக்கிறது.

விடுதிக்காரரும் அவர் நண்பரும்

மியாகே 1926-ல் ஒகயாமா மாகாணத்தின் குராஷிகியில் பிறந்தார். அவருடைய இளமை போரிலும், போருக்குப் பிந்தைய பஞ்சத்திலும் போனது. பிழைப்புக்கு நடத்தியது பாரம்பரிய ஜப்பானிய விடுதி. கூடவே எதையாவது புதிதாகச் செய்துபார்க்கிற பழக்கமும் அவருக்கு உண்டு.

அவருடைய நண்பர் ஹிடேயுகி இவாஹாஷி. ஒசாகாவில் இருந்த நிப்பான் லைட்ஹவுஸ் என்ற அமைப்பின் தலைவர். பார்வையற்றவர்களுக்குப் படிப்பும் வேலைப் பயிற்சியும் தருகிற அந்த அமைப்பைத் தொடங்கியவர் ஹிடேயுகியின் அப்பா தகேயோ இவாஹாஷி. தகேயோ கல்லூரிக் காலத்தில் பார்வையை இழந்தவர். 1937-ல் ஹெலன் கெல்லரை ஜப்பானுக்கு வரவழைத்தவரும் அவர்தான். அப்பாவுக்கு நடந்தது மகனையும் விடவில்லை. ஹிடேயுகியின் பார்வையும் கொஞ்சம் கொஞ்சமாக மங்கத் தொடங்கியது.

மியாகேவின் கவலை இங்கிருந்துதான் தொடங்குகிறது. அதற்கு முன்னால் அந்தக் காலத்து ஜப்பான் தெருவை ஒருமுறை மனசில் ஓட்டிப் பாருங்க. 1964-ல் டோக்கியோ ஒலிம்பிக்ஸ், அதே வருஷம் புல்லட் ரயில். வீட்டுக்கு வீடு கார் வரத் தொடங்கிய காலம். சாலைகள் காருக்காக அகலமாயின, நடப்பவர்கள் ஓரத்துக்குத் தள்ளப்பட்டார்கள். சாலை விபத்து சாவுகளை ஜப்பானியர்கள் போக்குவரத்துப் போர் என்றே அழைத்தார்கள். 1970-ல் மட்டும் 16,765 பேர் செத்தார்கள். ஜப்பானின் சரித்திரத்தில் அதுவே உச்சம்.

கண் தெரிந்தவர்களுக்கே இந்த நிலைமை. வெள்ளைக் கோலோடு சாலையைக் கடந்த ஒருவரை உரசுவதுபோல ஒரு கார் வேகமாகப் போனதை மியாகே பார்த்தார் என்றும், அந்தக் காட்சி அவரை விடவே இல்லை என்றும் சொல்லப்படுகிறது. பார்வை போய்க்கொண்டிருக்கும் நண்பர் நாளைக்கு இதே தெருவில்தான் நடக்க வேண்டும்.

வெள்ளைக் கோல் என்ன செய்யும், என்ன செய்யாது?

அப்போது பார்வையற்றவர்களிடம் இருந்த முக்கியமான கருவி வெள்ளைக் கோல். அதைப் பயன்படுத்தும் முறையும் ரொம்பப் பழசு இல்லை. இரண்டாம் உலகப் போரில் பார்வை இழந்த அமெரிக்கச் சிப்பாய்களுக்காக, 1944-ஐ ஒட்டி பென்சில்வேனியாவின் வேலி ஃபோர்ஜ் ராணுவ மருத்துவமனையில் ரிச்சர்ட் ஹூவர் என்பவர் வகுத்த முறை அது. நீளமான, எடை குறைந்த கோலை இடமும் வலமுமாக அரைவட்டமாக வீச வேண்டும். அடுத்த காலடி எங்கே விழப்போகிறதோ, அந்த இடத்தைக் கோல் முன்கூட்டியே தொட்டுப் பார்த்துவிடும்.

இந்த முறைக்கு ஒரு எல்லை உண்டு. எதிரே கல் இருக்கிறது, படி இருக்கிறது, பள்ளம் இருக்கிறது என்று கோல் சொல்லும். நீங்கள் எங்கே நிற்கிறீர்கள், எந்தப் பக்கம் போக வேண்டும், சாலை எங்கே தொடங்குகிறது என்று சொல்லாது. அதிலும் நடைபாதை சரிந்து சாலையோடு சமமாகிற இடத்தில் கோலுக்கு எதுவுமே தட்டுப்படாது. நடைபாதையில்தான் இருக்கிறோம் என்று நினைத்து எடுத்துவைக்கும் அடுத்த அடி, ஓடும் வண்டிகளுக்கு நடுவே விழும்.

அதனால் மியாகேவின் கேள்வி கோலைப் பற்றியதாக இல்லை, தரையைப் பற்றியதாக இருந்தது. கோல் ஒருவர் கையில் இருப்பது. தரை எல்லோருக்கும் பொது. அந்தத் தரையையே பேச வைக்க முடியுமா?

பாசியும் மண்ணும்

இதற்கான பொறி இவாஹாஷியோடு பேசும்போது கிடைத்தது என்பார்கள். பாசி படர்ந்த தரை முடிந்து வெறும் மண் தொடங்கும் இடத்தைச் செருப்புக் காலாலேயே உணர முடியும் என்பது இவாஹாஷியின் அனுபவம். பார்வை மங்குகிறவர்களுக்குப் பாதம் ஒரு கண்ணாக மாறும் என்பது மியாகேவுக்குப் புரிந்தது.

1965-ல், 39 வயதில், தன் சொந்தப் பணத்தைப் போட்டு வேலையைத் தொடங்கினார். தம்பியும் கூட நின்றார். அவர்கள் செய்தது ஒரு கான்கிரீட் பலகை. அதன்மேல் வரிசையாக அரைக்கோளக் குமிழ்கள். செருப்பின் அடிப்பாகம் தடிமனாக இருந்தாலும் உணர வேண்டும், கோல் நுனியில் பட்டால் தட்டுப்பட வேண்டும், அதே நேரம் மற்றவர்களின் காலை இடறிவிடக் கூடாது. இந்த மூன்றுக்கும் ஒத்துவரும் அளவைக் கண்டுபிடிப்பதுதான் முழுக் கஷ்டமும்.

பிரெய்ல் எழுத்துக்கு ஜப்பானிய மொழியில் புள்ளி எழுத்து என்று பொருள்படும் டென்ஜி என்ற பெயர். அதிலிருந்து இந்தப் பலகைக்கு டென்ஜி பிளாக் என்ற பெயர் வந்தது. ஆனால் ஒன்றைக் கவனிக்கணும். இதில் எழுத்து எதுவும் கிடையாது, படிக்கப் பயிற்சியும் தேவையில்லை. முதலில் வந்த குமிழ் பலகைக்கு ஒரே அர்த்தம்தான்: நில், கவனி. இந்தப் பக்கமாகப் போ என்று சொல்கிற கோட்டுப் பலகை பிறகு சேர்ந்தது. உலகம் முழுக்க இன்று இருப்பதும் இந்த இரண்டு சொற்கள் கொண்ட மொழிதான். கோடு என்றால் நட. குமிழ் என்றால் நில்.

1967 மார்ச் 18

ஒகயாமா நகரில் பார்வையற்றோர் பள்ளிக்குப் பக்கத்தில், அன்றைக்குத் தேசிய நெடுஞ்சாலை 2 ஆக இருந்த சாலையில், ஹராவோஷிமா என்ற சந்திப்பு இருக்கிறது. பள்ளி மாணவர்கள் கடந்தாக வேண்டிய இடம். மியாகே 230 பலகைகளை இலவசமாகக் கொடுத்தார். 1967 மார்ச் 18 அன்று அவை அங்கே பதிக்கப்பட்டன. உலகில் முதல் தடவை.

கண்டுபிடித்து இரண்டு வருஷத்தில் சாலைக்கே வந்துவிட்டது, இனி ஓட்டம்தான் என்று நினைப்போம். ஸ்டார்ட்-அப் கதைகளைப் படித்துப் பழகிய நமக்கு அடுத்த வரி என்ன என்று தெரியும்: முதலீடு, வளர்ச்சி, வெற்றி. மியாகேவின் கதையில் அடுத்த வரி மௌனம்.

பல வருஷம் ஆர்டர் வரவில்லை. காரணத்தை ஊகிப்பது கஷ்டமில்லை. இந்தப் பொருளால் பயன் பெறுகிறவர்கள் அதை வாங்க முடியாது. ஒரு பார்வையற்றவர் காசு கொடுத்து நாலு பலகை வாங்கித் தெருவில் பதித்துக்கொள்ள முடியுமா? வாங்க வேண்டியது நகராட்சி, நெடுஞ்சாலைத் துறை, ரயில்வே. அவர்களிடம் இதற்கான விதி இல்லை, தலைப்பு இல்லை, ஒதுக்கீடும் இல்லை. சந்தையே இல்லாத ஒரு பொருளைச் செய்திருந்தார் மியாகே.

அதற்கு அவர் எடுத்த வழி, கொடுப்பது. அலுவலகங்களுக்குக் கடிதம் எழுதினார். பல ஊர்களுக்குப் பலகைகளை இலவசமாக அனுப்பினார். ஆராய்ச்சிக்கும் பரப்புவதற்கும் பாதுகாப்பான போக்குவரத்துக்கான ஒரு ஆய்வு மையத்தையும் நிறுவினார். கையிருப்புதான் கரைந்துகொண்டே போனது.

திருப்பம் 1970-ஐ ஒட்டி வந்தது. ஒசாகாவில் பார்வையற்றோர் பள்ளிக்கு அருகிலுள்ள அபிகோச்சோ ரயில் நிலையத்தில் இந்தப் பலகைகள் பதிக்கப்பட்டன. ஜப்பானிய ரயில் நிலையம் ஒன்றில் அதுவே முதல் முறை. டோக்கியோவில் தகாதானோபாபா பகுதியின் தெருக்களில் மாநகர அரசு 10,000-க்கும் மேற்பட்ட பலகைகளைப் பதித்தது. ஜப்பான் பிரெய்ல் நூலகம் உட்படப் பார்வையற்றவர்களுக்கான பல அமைப்புகள் இருக்கும் பகுதி அது.

தெருவில் இருந்தது, பிளாட்ஃபாரத்தில் இல்லை

அதே தகாதானோபாபாவில் 1973 பிப்ரவரியில் நடந்ததை நிதானமாகப் படியுங்க. தெருக்களில் பலகை வந்துவிட்டது. ஆனால் ஸ்டேஷன் தேசிய ரயில்வேயின் கையில் இருந்தது. அந்த பிளாட்ஃபாரத்தில் பலகை இல்லை. பார்வையற்ற ஒருவர் ஓரம் தெரியாமல் தண்டவாளத்தில் விழுந்து, ரயிலில் அடிபட்டு இறந்தார்.

குடும்பத்தினர் ரயில்வே மீது வழக்குப் போட்டார்கள். 1979-ல் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் ரயில்வேதான் பொறுப்பு என்றது. ரயில்வே மேல்முறையீட்டுக்குப் போனது. கடைசியில் 1986-ல் சமரசம் ஆனது.

1973 ஆகஸ்டில் ஒசாகாவில் ஃபுகுஷிமா என்ற நிலையத்தில் இன்னொரு பார்வையற்றவர் விழுந்து இரண்டு கால்களையும் இழந்தார். அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. உயர் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகச் சொன்ன தீர்ப்பை 1986 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்து, வழக்கை மறுபடி விசாரிக்கச் சொன்னது. காரணம் என்ன தெரியுமா? புதிதாக வந்த ஒரு பாதுகாப்புக் கருவி இல்லாததைக் குறைபாடு என்று சொல்ல வேண்டுமானால், விபத்து நடந்த காலத்தில் அந்தக் கருவி எந்த அளவுக்குச் சீராக, பொதுவாகப் பரவியிருந்தது என்பதையும் பார்க்க வேண்டும் என்பது அந்த நீதிமன்றத்தின் நிலைப்பாடு.

இந்தத் தர்க்கத்தைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்க. ஒரு வசதி நாலு இடத்தில் இருந்தால் அது கருணை. நாடு முழுக்க இருந்தால், அது இல்லாத இடம் சட்டப்படி தவறு. மியாகே ஊர் ஊராக இலவசமாக அனுப்பிய ஒவ்வொரு பலகையும் இந்தத் தராசில் ஒரு எடைக்கல். பரவலாக இருப்பதே ஒரு உரிமையை உருவாக்குகிறது.

மியாகே பார்க்காதவை

அந்தத் தீர்ப்பைக் கேட்க அவர் உயிரோடு இல்லை. 1982-ல், 56 வயதில் இறந்துபோனார். அதற்குள் தன் பலகை ஜப்பான் முழுக்கப் பரவத் தொடங்கியதைப் பார்த்துவிட்டார். ஆனால் அது ஒழுங்கான விதியாக மாறியதைப் பார்க்கவில்லை. அவர் இறந்த பிறகு நடந்தவற்றின் பட்டியல் இது:

- 1985: ஜப்பானின் கட்டுமான அமைச்சகம் இந்தப் பலகைகளை எங்கே, எப்படிப் பதிப்பது என்ற வழிகாட்டுதலை வெளியிட்டது. மஞ்சள் நிறம் அடிப்படை ஆனது.
- 2000: ரயில் நிலையங்கள், பஸ் முனையங்களில் தடையற்ற வசதிகளைக் கோரும் சட்டம் வந்தது.
- 2001: குமிழுக்கும் கோட்டுக்கும் தேசியத் தர அளவு வந்தது. உயரம் 5 மில்லிமீட்டர். 30 சென்டிமீட்டர் சதுரத்தில் குறைந்தது 25 குமிழ்கள்.
- 2012: சர்வதேசத் தர அமைப்பான ஐஎஸ்ஓ இதற்கான விதியை வெளியிட்டது.

1967-க்கும் 2001-க்கும் நடுவே 34 வருஷம். இந்த இடைவெளியில் என்ன ஆனது? பல நிறுவனங்கள் பல வடிவங்களில் பலகை செய்தன. குமிழா கோடா என்று காலுக்குப் புரியாத நீள்வட்டங்களும் சந்தைக்கு வந்தன. ஒரு ஊரில் பழகியவர் இன்னொரு ஊருக்குப் போனால் குழம்பினார். சிக்னலில் சிவப்புக்கு ஒரு ஊரில் நில், இன்னொரு ஊரில் போ என்று அர்த்தம் இருந்தால் நீங்கள் வண்டி ஓட்டுவீங்களா?

மஞ்சள் நிறத்துக்கும் காரணம் இருக்கிறது. பார்வைக் குறைபாடு உள்ளவர்களில் பெரும்பாலானவர்களுக்குக் கொஞ்சமாவது பார்வை மிச்சம் இருக்கும். சாம்பல் நிறத் தரையில் பளிச்சென்ற மஞ்சள் பட்டை மங்கலாகவாவது தெரியும். தரையின் அழகு கெடுகிறது என்று டைல்ஸை அதே சாம்பல் நிறத்தில் போட்டால், அவர்களுக்கு அந்தப் பாதையே மறைந்துவிடும்.

குமிழுக்கும் ஒரு குறை இருந்தது. பிளாட்ஃபாரத்தில் குமிழ் தட்டுப்பட்டால் ஓரம் பக்கத்தில் இருக்கிறது என்று தெரியும். எந்தப் பக்கம் என்று தெரியாது. அதனால் ஜப்பானில் குமிழ் வரிசையின் உள்பக்கம் ஒற்றைக் கோடு ஒன்றைச் சேர்த்தார்கள். கோடு இருக்கும் பக்கம் பத்திரம், அடுத்த பக்கம் தண்டவாளம்.

இவ்வளவுக்குப் பிறகும் விபத்து நிற்கவில்லை. 2016 ஆகஸ்டில் டோக்கியோவின் அவோயாமா-இச்சோமே சுரங்க ரயில் நிலையத்தில், வழிகாட்டி நாயோடு நடந்த ஒருவர் தண்டவாளத்தில் விழுந்து இறந்தார். பிளாட்ஃபாரக் கதவுகளை வேகமாக நிறுவ வேண்டும் என்ற அழுத்தம் அதன் பிறகு அதிகமானது. டைல்ஸ் எச்சரிக்கும். தடுக்காது.

இந்தியாவுக்கு வந்த பிறகு

2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் சுமார் 50.3 லட்சம் பேர். நடப்பவர்களுக்கு நம் சாலைகள் எப்படி இருக்கின்றன என்பதற்கு இன்னொரு எண்: மத்திய அரசின் 2022-ம் ஆண்டு சாலை விபத்து அறிக்கைப்படி அந்த வருஷம் இறந்த 1,68,491 பேரில் 32,825 பேர் பாதசாரிகள். அதாவது ஐந்தில் ஒருவர், கிட்டத்தட்ட.

2002-ல் தொடங்கிய டெல்லி மெட்ரோ இந்த டைல்ஸை இந்தியாவில் பலருக்கு அறிமுகப்படுத்தியது. பிறகு சென்னை, பெங்களூரு என்று ஒவ்வொரு மெட்ரோவிலும் அது வந்தது. பாதசாரி வசதிகளுக்கான இந்தியச் சாலைக் காங்கிரஸின் 2012 வழிகாட்டுதலிலும் இடம் பிடித்தது. 2015 டிசம்பர் 3 அன்று அணுகத்தக்க இந்தியா இயக்கம் தொடங்கப்பட்டது. 2016-ல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது. பொதுக் கட்டடங்கள் எல்லாவற்றையும் ஐந்து வருஷத்துக்குள் அணுகத்தக்கதாக மாற்ற வேண்டும் என்றது. விதிகள் 2017 ஜூனில் வெளியானதால், அந்தக் கெடு 2022 ஜூனில் முடிந்துவிட்டது.

காகிதத்தில் குறை சொல்ல முடியாது. இப்போது ஸ்டேஷன் வாசலைத் தாண்டி வெளியே வந்து பாருங்க. கோட்டு டைல்ஸ் நேராகப் போய் மின்கம்பத்தில் முட்டும். மேன்ஹோல் மூடி வந்தால் அந்த அளவுக்கு டைல்ஸை வெட்டி விட்டுவிடுவார்கள். அதன்மேல் பைக் நிற்கும், இளநீர்க் கடை நிற்கும். உடைந்த டைல்ஸை மாற்றும்போது கோடு இருக்க வேண்டிய இடத்தில் குமிழ் வரும், குமிழ் இருக்க வேண்டிய இடத்தில் கோடு வரும். பதிப்பவருக்கு அது வெறும் டிசைன். அதன் அர்த்தத்தை யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை.

டைல்ஸே இல்லாத தெருவில் பார்வையற்றவர் கோலை நம்பி மெதுவாக, எச்சரிக்கையோடு நடப்பார். டைல்ஸ் இருக்கும் தெருவில் அதை நம்பி வேகமாக நடப்பார். அது கொண்டுபோய்க் கம்பத்தில் நிறுத்தினால் அடி பலமாக விழும். அப்புறம் எந்த டைல்ஸையும் நம்ப மாட்டார். தப்பாகப் போட்ட டைல்ஸ், போடாத டைல்ஸைவிட ஆபத்தானது.

2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் ராஜீவ் ரதூரி வழக்கில் கொடுத்த தீர்ப்பு இந்த இடத்தைத்தான் தொட்டது. அணுகல் வசதிகள் பற்றிய 2017 விதிகளின் 15-வது விதி, கட்டாயமாக இருக்க வேண்டியவற்றை வெறும் பரிந்துரையாக விட்டுவிட்டது, அது சட்டத்துக்கே முரணானது என்றது நீதிமன்றம். மீறவே முடியாத குறைந்தபட்சத் தரங்களை மூன்று மாதத்துக்குள் வகுக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. ஒகயாமாவில் முதல் பலகை பதிந்து 57 வருஷம் கழித்து, மியாகே பட்ட அதே இடத்தில் நாம் நிற்கிறோம். பொருள் கையில் இருக்கிறது. விதிதான் பாக்கி.

போன் இருக்கும்போது டைல்ஸ் எதற்கு?

ஐடி வேலையில் இருக்கும் உங்களில் பலருக்கு இந்தக் கேள்வி வந்திருக்கும். நியாயமான கேள்விதான். கூகுள் மேப்ஸ் 2019 அக்டோபரில் பார்வையற்றவர்களுக்காக நடைவழியை விரிவாகக் குரலில் சொல்லும் வசதியைக் கொண்டுவந்தது. முதலில் கிடைத்தது அமெரிக்காவில் ஆங்கிலத்திலும், ஜப்பானில் ஜப்பானிய மொழியிலும். இந்தியாவில் ஐஐடி டெல்லி குழு உருவாக்கிய ஸ்மார்ட்கேன் 2014-ல் வெளியானது. வெள்ளைக் கோலின் பிடியில் மாட்டும் கருவி அது. கோலுக்கு எட்டாத உயரத்தில், முழங்காலுக்கு மேலே இருக்கும் தடைகளை மீயொலியால் அறிந்து கைப்பிடியை அதிர வைக்கும். அதைத் தயாரித்தது சென்னை நிறுவனமான ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ்.

எல்லாமே உதவும். ஆனால் ஜிபிஎஸ் சில மீட்டர் தவறும். கேப் டிரைவர் உங்கள் வீட்டைத் தாண்டிப் போய் நின்றால் நீங்கள் போனில் கூப்பிட்டுச் சொல்லிவிடுவீங்க. பிளாட்ஃபாரத்தின் ஓரத்தில் நிற்பவருக்கு அந்தச் சில மீட்டர் என்பது உயிர். நிலத்தடி ஸ்டேஷனில் ஜிபிஎஸ் சிக்னலே கிடைக்காது. சார்ஜ் தீரும், மழையில் நனையும், காதில் இயர்போன் மாட்டினால் வண்டிச் சத்தம் கேட்காது. தரைக்கு இந்தப் பிரச்சினை எதுவும் இல்லை.

புதிய தொழில்நுட்பம் இதைப் புரிந்துகொண்டிருக்கிறது. டோக்கியோ மெட்ரோ 2021 முதல் சில நிலையங்களில் பயன்படுத்தும் ஷிகாய் என்ற ஆப்பைப் பாருங்க. மஞ்சள் டைல்ஸ் மீது க்யூஆர் குறியீடுகள் ஒட்டப்பட்டிருக்கும். போன் கேமராவைக் கீழ்நோக்கிப் பிடித்தபடி நடந்தால், குறியீட்டைப் படித்து எத்தனை மீட்டர் நேராகப் போய் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று ஆப் சொல்லும். எங்கே இருக்கிறோம் என்பதை ஆப் சொல்கிறது. காலை அந்தப் பாதையில் வைத்திருப்பது மியாகேவின் டைல்ஸ்.

ஒகயாமாவில் இன்று

ஹராவோஷிமா சந்திப்பில் 2010-ல் ஒரு நினைவுக்கல் வைத்தார்கள். முதல் பலகை பதிந்த இடம் என்று அது சொல்கிறது. அதே வருஷம் ஒகயாமாவின் பார்வையற்றோர் சங்கம் மார்ச் 18-ஐ டென்ஜி பிளாக் தினமாக அறிவித்தது. அன்று பேசப்படும் விஷயம் ரொம்பச் சாதாரணமானது: டைல்ஸ் மேல் சைக்கிளை நிறுத்தாதீங்க, சாமானை வைக்காதீங்க, அதன்மேல் நின்று போன் பார்க்காதீங்க. இவ்வளவு விதி போட்ட ஜப்பானிலும் இதை வருஷா வருஷம் சொல்ல வேண்டியிருக்கிறது.

நமக்கு இதோடு இன்னொரு வேலையும் இருக்கிறது. உங்கள் ஆபீஸ் வாசலில், அபார்ட்மென்ட் நடைபாதையில், பக்கத்து பஸ் ஸ்டாப்பில் இந்த டைல்ஸ் இருந்தால், நாளைக்கு ஒரே ஒரு தடவை அது எங்கிருந்து தொடங்கி எங்கே முடிகிறது என்று நடந்து பாருங்க. சாலைக்கு முன்னால் குமிழ் இருக்கிறதா, நடுவில் கம்பம் நிற்கிறதா என்று கவனியுங்க. தப்பாக இருந்தால் ஒரு போட்டோ எடுத்து, இடத்தைக் குறிப்பிட்டு, மாநகராட்சியின் புகார் ஆப்பில் போடுங்க. கட்டடம் உங்கள் கம்பெனியுடையது என்றால் ஃபெசிலிட்டி டீமுக்கு ஒரு மெயில் அனுப்புங்க. மியாகே எழுதிய கடிதங்களோடு ஒப்பிட்டால் இது ஐந்து நிமிஷ வேலை.